இணைய ஆளுகை: பேசுவதற்கு மன்றம் உண்டு, செலவுக்கு வழி என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தை யார் ஆள்வது என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான தலையங்கத்தைப் படித்தேன். உலக மக்களில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஒரு கட்டமைப்பின் மீது சில செல்வ நாடுகளும், அங்கே வேரூன்றிய சில நிறுவனங்களும் மட்டும் செல்வாக்குச் செலுத்துவது முறையாகாது என்ற தங்கள் கவலையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்குத் தீர்வாக, அரசுகள் மட்டுமே அமரும் ஒரு புதிய உலக அமைப்பிடம் இணையத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்று தலையங்கம் முடிவுக்கு வந்த இடத்தில் நான் மாறுபடுகிறேன். தொலைத்தொடர்புப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு.

முதலில், இன்று இணையம் எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான நெறிமுறைகளை 1986-இல் தொடங்கிய ஐ.இ.டி.எஃப். என்ற பொறியாளர் குழு வகுக்கிறது; யாரும் அதன் விவாதங்களில் கலந்துகொள்ளலாம், வாக்கெடுப்பு என்பதே கிடையாது. இணையத்தில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரி எண்களை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பகிர்ந்தளிக்கின்றன. இணையதளங்களின் டொமைன் பெயர்களுக்கு (.com, .in போன்ற முடிவுகளுக்கு) உரிய உச்சிப் பட்டியலை 1998-இல் கலிபோர்னியாவில் பதிவு செய்யப்பட்ட ஐகான் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. நெடுங்காலம் இந்த உச்சிப் பட்டியலில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஓர் இறையாண்மை நாட்டின் இணையப் பெயர் சார்ந்த மாற்றத்துக்கு இன்னொரு நாட்டின் அமைச்சகம் தலையசைக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு குறித்து வளரும் நாடுகள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 அன்று முடிவுக்கு வந்தது. ஐகான் இன்றும் கலிபோர்னியச் சட்டத்துக்கு உட்பட்டே இருக்கிறது என்ற குறை மிச்சமிருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும், கூட்டுப்பொறுப்பில் நடக்கும் ஒரு வேலையை ஒரே கையில் கொடுத்தால் குறை தீரும் என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை.

அரசுகளின் வழி முயன்று பார்க்கப்படாததும் அல்ல. 2012 டிசம்பரில் துபாயில், ஐ.நா.வின் சிறப்பு அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கூட்டிய மாநாட்டில், பழைய தொலைத்தொடர்பு விதிகளைத் திருத்தி எழுதும்போது இணையத்தையும் அதற்குள் கொண்டுவரலாமா என்பதில்தான் பெரும் மோதல் எழுந்தது. திருத்திய விதிகளில் 89 நாடுகள் கையெழுத்திட்டன. 55 நாடுகள் கையெழுத்திடவில்லை. மறுநாள் காலையில் இணையம் முந்தைய நாளைப் போலவே ஓடியது. அதன்பின் 'மேம்பட்ட ஒத்துழைப்பு' (இணையக் கொள்கையில் எல்லா அரசுகளுக்கும் சம பங்கு தருவது) என்ற சொற்றொடருக்குப் பொருள் காண ஐ.நா. அமைப்பின் கீழ் அடுத்தடுத்து இரண்டு பணிக்குழுக்கள் அமைக்கப்பட்டன. இரண்டும் பரிந்துரைகளில் உடன்பாடு எட்டாமலே கலைந்தன. நாற்காலியில் யார் அமர்வது என்ற வாதத்திலேயே இருபது ஆண்டுகள் கரைந்துவிட்டன என்பதே என் வருத்தம். அந்த வாதத்தின் இரைச்சலில், துபாய்க்கு முன்பே நடந்த ஓர் உலக மாநாட்டில் கொடுக்கப்பட்ட இன்னொரு வாக்குறுதி யார் காதிலும் விழாமல் போயிற்று.

அந்த வாக்குறுதி வளர்ச்சியைப் பற்றியது. தகவல் சமுதாயத்துக்கான உலக உச்சி மாநாடு 2003 டிசம்பரில் ஜெனீவாவிலும் 2005 நவம்பரில் துனிஸிலும் இரு கட்டங்களாக நடந்தது. ஜெனீவாவில் ஏற்கப்பட்ட செயல்திட்டம், கிராமங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நூலகங்களையும் 2015-க்குள் இணைப்பதை இலக்காக வைத்தது. அங்கே செனகல் நாட்டின் அன்றைய அதிபர் அப்துலாயே வாட் ஒரு யோசனையை முன்வைத்தார்: உலகளாவிய எண்ணிம (டிஜிட்டல்) ஒருமைப்பாட்டு நிதி. அரசு அலுவலகங்களும் நகராட்சிகளும் கணினி, தொலைத்தொடர்புச் சாதனங்களுக்கு ஒப்பந்தம் விடும்போது, ஒப்பந்தம் பெறும் நிறுவனம் அதன் மதிப்பில் 1 சதவீதத்தை இந்த நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் மையக் கருத்து. எளிமையான கணக்கு, வசூலிப்பதும் சிரமமில்லை. நிதியம் 2005 மார்ச்சில் ஜெனீவாவில் தொடங்கியும் வைக்கப்பட்டது. ஆனால் துனிஸ் ஆவணம் அதை வரவேற்றபோதே 'தன்னார்வ அடிப்படையிலானது' என்ற அடைமொழியையும் சேர்த்துவிட்டது. வளர்ந்த நாடுகள் பலவும் ஏற்கெனவே உள்ள உதவித் திட்டங்களே போதும் என்று ஒதுங்கின. சில ஆண்டுகளிலேயே அந்த நிதியம் மூடப்பட்டது.

இந்தச் சிறு வரலாற்றை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல நாடுகள் தத்தம் எல்லைக்குள் தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கைச் சட்டப்படி வசூலித்து, லாபம் தராத தொலைதூரப் பகுதிகளுக்குச் சேவை கொண்டுபோக அனைவருக்குமான சேவை நிதியை நடத்துகின்றன. அங்கே யாரும் 'விருப்பமிருந்தால் கொடுங்கள்' என்று நிறுவனங்களைக் கேட்பதில்லை. அதே நியாயம் நாட்டின் எல்லையைத் தாண்டியவுடன் தருமமாக மாறிவிடுகிறது. அந்த நிதியங்கள் எல்லாம் ஒழுங்காகச் செலவிடப்படுகின்றன என்று நான் வாதிட மாட்டேன். பல நாடுகளில் பணம் செலவாகாமல் தேங்கிக் கிடந்த கதையும் உண்டு. ஆனால் தேங்கிய பணத்தைக் கணக்குக் கேட்க முடியும். வராத பணத்தை யாரிடம் கேட்பது?

அண்மைக் கால நிலையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீடு காட்டுகிறது. உலகில் சுமார் 550 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்தினர். சுமார் 260 கோடிப் பேர் பயன்படுத்தவில்லை. உயர் வருவாய் நாடுகளில் பயன்படுத்துவோர் 93 சதவீதம். குறைந்த வருவாய் நாடுகளில் 27 சதவீதம். இதில் பொறியாளர்களே சில சமயம் தவறவிடும் செய்தி ஒன்று இருக்கிறது. கைபேசி வழி அகன்ற அலைவரிசையின் (பிராட்பேண்ட்) சமிக்ஞையே எட்டாத மக்கள் உலகில் மிகச் சிறிய பங்கினர்தாம். இணையத்துக்கு வெளியே நிற்பவர்களில் பெரும்பாலோர் சமிக்ஞை கிடைக்கும் இடத்தில்தான் வாழ்கிறார்கள். கருவியின் விலை, மாதக் கட்டணம், எழுத்தறிவு, வீட்டில் கைபேசி யார் கையில் இருக்கிறது என்பது, தம் மொழியில் பயனுள்ளதாக ஏதேனும் கிடைக்கிறதா என்பது ஆகியவையே அவர்களைத் தடுக்கின்றன. கோபுரம் நட்டவுடன் வேலை முடிந்தது என்று நானும் என் பணிக்காலத்தில் நம்பியவன்தான். அகன்ற அலைவரிசைக்கான ஐ.நா. ஆணையம், அடிப்படை இணையச் சேவையின் கட்டணம் ஒருவரின் சராசரி மாத வருவாயில் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2018-இல் இலக்கு வைத்தது. இலக்கு நல்லது. அதை எட்டாத நாட்டுக்கு யார் எப்படிக் கைகொடுப்பது என்ற கேள்விக்குத்தான் மறுபடியும் 'தன்னார்வம்' என்பதே பதிலாக வருகிறது.

ஒத்துழைப்பு எங்கே உண்மையில் பலன் கொடுத்தது என்று தேடினால், பெரிய பிரகடனங்களைவிடச் சிறிய வேலைகளே கண்ணில் படுகின்றன. கென்யத் தலைநகர் நைரோபியின் இணையப் பரிமாற்ற மையம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே ஊரில் இரு வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிய இருவர் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பினால், அந்தச் செய்தி கடல் கடந்து வேறு கண்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த காலம் அது. போகவும் வரவும் ஆன செலவை இரு நிறுவனங்களும் அந்நியச் செலாவணியில் கட்டின. உள்ளூர் நிறுவனங்கள் ஓர் அறையில் ஒரு சுவிட்சை (வலைப்பின்னல்களை இணைக்கும் கருவியை) வைத்துத் தம் வலைப்பின்னல்களை நேரடியாக இணைத்துக்கொண்டால் இந்த வீண் பயணம் நின்றுவிடும். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் கென்ய நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. அன்றைய ஏகபோகத் தொலைத்தொடர்பு நிறுவனம் முறையிட, ஒழுங்குமுறை ஆணையம் மையத்தை மூடியது. பேச்சுவார்த்தைக்குப் பின் 2002-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. இணையச் சங்கம் என்ற லாப நோக்கமற்ற பன்னாட்டு அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கென்யாவின் இணையப் போக்குவரத்தில் 2012-இல் சுமார் 30 சதவீதமாக இருந்த உள்நாட்டுப் பரிமாற்றம் எட்டு ஆண்டுகளில் சுமார் 70 சதவீதமாக உயர்ந்திருந்தது.

இங்கே வெளியிலிருந்து வந்த உதவி பெரும்பாலும் அறிவும் பயிற்சியும்தான்: வேறு நாடுகளில் இத்தகைய மையங்களை அமைத்துப் பழகிய பொறியாளர்கள் வந்து கற்றுக்கொடுத்தார்கள், சாதனங்கள் சில நன்கொடையாகக் கிடைத்தன. மற்றதெல்லாம் போட்டி நிறுவனங்கள் ஒருவரை ஒருவர் நம்பி ஒரே அறைக்குள் கம்பி இழுக்க ஒப்புக்கொண்டதும், ஒழுங்குமுறை ஆணையம் தன் முடிவை மறுபரிசீலனை செய்யும் துணிவு கொண்டதும் ஆகும். உலக அமைப்பு ஒன்று உத்தரவிட்டு இது நடக்கவில்லை, உத்தரவிட்டிருந்தாலும் நடந்திருக்காது. ஒரு நாட்டின் இணையத்தை அந்த நாட்டு மக்களுக்கே மலிவாக்கும் வேலை இது என்பதால், இறையாண்மை பற்றிக் கவலைப்படும் தங்கள் தலையங்கத்துக்கு இந்தச் சுவிட்ச் அறை மிகப் பொருத்தமான பதில் என்றே கருதுகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் அறிவாலும் நம்பிக்கையாலும் சாதித்துவிட முடியாது. பணமும் கப்பலும் தேவைப்படும் இடங்கள் உண்டு. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா அருகே கடலடி எரிமலை வெடித்தபோது, அந்தத் தீவு நாட்டை உலகுடன் இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. பழுதுபார்க்கும் கப்பல் பப்புவா நியூ கினியிலிருந்து வர வேண்டியிருந்தது. முதன்மைத் தீவுக்கு இணைப்புத் திரும்ப ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின; வெளித்தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிளைச் சரிசெய்ய அதற்கு மேலும் ஓராண்டுக்கு அதிகமான காலம் பிடித்தது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை ஒட்டி நான்கு கேபிள்கள் ஒரே சமயத்தில் சேதமடைந்து, பல நாடுகளில் வங்கிச் சேவை உள்பட அன்றாட வேலைகள் தடுமாறின. கண்டங்களுக்கிடையேயான தரவுப் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள் வழியாகப் போகவில்லை, கடலுக்கடியில் கிடக்கும் இந்தக் கண்ணாடி இழைகளில்தான் போகிறது என்பதை விபத்து நேரும்போதுதான் நினைத்துக்கொள்கிறோம்.

கடலடிக் கேபிள்களைப் பாதுகாக்கும் பன்னாட்டு உடன்படிக்கை பாரிஸில் 1884-இலேயே ஏற்பட்டுவிட்டது. தந்தி யுகத்து அரசுகளுக்கு இருந்த முன்யோசனை அது. 2024 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சர்வதேசக் கேபிள் பாதுகாப்புக் குழுவும் சேர்ந்து ஓர் ஆலோசனை அமைப்பை ஏற்படுத்தியிருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் இரண்டாவது கேபிள் போடக் கட்டுப்படியாகாத சிறிய நாடுகளுக்கு அந்த இரண்டாவது கேபிளைப் போடுவதும், பழுதுபார்க்கும் கப்பல்களைத் தொலைதூரக் கடல்களிலும் தயார் நிலையில் நிறுத்துவதும் ஆலோசனையால் ஆகாது. கூட்டு நிதி ஒன்றுக்கு இதைவிடத் தெளிவான பயன்பாடு எனக்குத் தோன்றவில்லை.

மொழி குறித்தும் ஒரு சொல். இணையப் பெயர்களை அவரவர் எழுத்திலேயே எழுதும் வசதி, பெயரின் கடைசிப் பகுதியான உச்ச நிலையில் 2010-இல் அரபு எழுத்தில் தொடங்கியது. தமிழ் எழுத்தில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று நாடுகளுக்கு உச்சப் பெயர்கள் உண்டு. பிற எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வதற்கான நெறிமுறைகளும் 2012-இல் வெளியாகிவிட்டன. இத்தனை இருந்தும், தமிழில் அமைந்த ஒரு மின்னஞ்சல் முகவரியை ஆர்வத்தில் வாங்கி ஒரு சேவைப் படிவத்தில் நிரப்பியபோது, அது செல்லாத முகவரி என்று சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பப்பட்டேன். முகவரி செல்லுபடியானது, படிவத்தை எழுதியவருக்கு ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறு எழுத்து உலகில் இருப்பது நினைவுக்கு வரவில்லை. பன்னாட்டு ஒத்துழைப்பு தன் பங்கை முடித்துவிட்ட ஓர் இடம் இது. அரசுகள் தாம் வாங்கும் மென்பொருள் எல்லா எழுத்துகளையும் ஏற்க வேண்டும் என்று கொள்முதல் விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்; அதற்குக்கூட எத்தனை ஆண்டுகள்!

மென்பொருளைப் பொதுச் சொத்தாகப் பகிர்ந்துகொள்வதும் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து வளர்ந்த டி.எச்.ஐ.எஸ்.2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளைப் பல வளரும் நாடுகளின் சுகாதாரத் துறைகள் இலவசமாகப் பயன்படுத்துகின்றன. பெங்களூரில் 2018-இல் தொடங்கிய மோசிப் என்ற, குடிமக்களுக்கு அடையாளம் வழங்கும் மென்பொருள் தளத்தைப் பிலிப்பைன்ஸும் மொராக்கோவும் எடுத்துக்கொண்டன. மென்பொருளுக்கு விலை இல்லை என்பதால் செலவே இல்லை என்று பொருளாகாது. அதை நடத்தும் ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும், தரவைக் காக்கும் சட்டம் வேண்டும், தவறு நடந்தால் முறையிட ஓரிடம் வேண்டும்.

தன்னார்வம் என்ற சொல்லுக்கு மீண்டும் வருகிறேன். சைபர் குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை உருவாக்கும் பணியைப் பொதுச்சபை 2019-இல் தொடங்கியது. 2024 டிசம்பர் 24 அன்று உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2025 அக்டோபரில் ஹனோயில் நாடுகள் கையெழுத்திடத் தொடங்கின. 40 நாடுகள் உறுதி செய்து 90 நாள்கள் கழித்து அது நடைமுறைக்கு வரும். அந்த உடன்படிக்கையின் சில பிரிவுகள் விமர்சகர்களை ஒடுக்கப் பயன்படலாம் என்ற மனித உரிமை அமைப்புகளின் அச்சம் எனக்கும் உண்டு. ஆயினும் நான் சுட்ட விரும்புவது வேறு: பல விஷயங்களில் எதிரெதிராக நிற்கும் நாடுகள், தமக்கு வேண்டும் என்று தோன்றியபோது, ஐந்தே ஆண்டுகளில் சட்ட வலு உள்ள ஓர் உடன்படிக்கையை எழுதி முடித்திருக்கின்றன. எண்ணிம வளர்ச்சிக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் ஏற்கப்பட்ட உலக எண்ணிம ஒப்பந்தத்திலும் உறுதிமொழிகள் உண்டு, ஆனால் அவை சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்துபவை அல்ல.

2025 டிசம்பரில் தகவல் சமுதாய உச்சி மாநாட்டின் இருபதாண்டு மீளாய்வை முடித்த பொதுச்சபை, 2006-இல் ஏதென்ஸில் முதன்முதலாகக் கூடிய இணைய ஆளுகை மன்றத்தை நிரந்தர மன்றமாக்கியது. அதுவரை அதன் ஆயுளை ஐந்தாண்டு, பத்தாண்டு என்று நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் எதையும் நிறைவேற்றாத பேச்சு மன்றம் என்று தங்கள் தலையங்கம் அதை ஏளனம் செய்திருந்தது. தீர்மானம் நிறைவேற்ற வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் அங்கே அமைச்சரும் பொறியாளரும் உரிமை ஆர்வலரும் நிறுவன அதிகாரியும் ஒரே மேசையில் அமர்ந்து ஒளிவுமறைவின்றிப் பேச முடிகிறது என்பது என் எண்ணம். என் குறை வேறு. அதன் செயலகம் நெடுங்காலமாக நன்கொடைகளை நம்பியே ஓடிவந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களும் செல்வ நாடுகளும் ஆண்டுதோறும் குழுக்களை அனுப்ப, ஏழை நாட்டின் ஒழுங்குமுறை அதிகாரி விமானச் சீட்டுக்கு யாரையாவது கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை வந்து போகிறவரும், எப்போதும் அங்கேயே இருப்பவரும் சமமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று சொன்னால் அது மரியாதைப் பேச்சாக மட்டுமே இருக்கும்.

ஆகவே தங்கள் அடுத்த தலையங்கத்துக்கு மூன்று கேள்விகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். நிரந்தரமாகிவிட்ட மன்றத்தின் செலவும், வளரும் நாடுகளிலிருந்து வருவோரின் பயணச் செலவும் ஏன் ஐ.நா.வின் வழக்கமான வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறக் கூடாது? அன்று தன்னார்வம் என்ற சொல்லால் மடிந்த அந்த 1 சதவீத யோசனையை, கடலடிக் கேபிள், பரிமாற்ற மையம் என்ற இரண்டு வேலைகளுக்கு மட்டுமாவது, விரும்பும் நாடுகள் தம் கொள்முதல் சட்டங்களிலேயே எழுதிக்கொண்டு மீண்டும் தொடங்க முடியாதா? இணையத்தை ஆளும் இடத்தைக் கேட்டு மாநாடுகளில் உரத்துப் பேசும் அரசுகளில் எத்தனை, தம் நாட்டுக்குள் ஒரு பரிமாற்ற மையத்துக்கு அனுமதி கொடுத்திருக்கின்றன?

கடைசியாக ஒரு திருத்தம். டொமைன் பெயர்களின் உச்சிப் பட்டியலை வைத்திருந்து பதில் சொல்லும் இணையத்தின் 13 வேர் சர்வர்களும் ஒரே நாட்டில் இருப்பதாகத் தலையங்கம் எழுதியிருந்தது. 13 என்பது முகவரிகளின் எண்ணிக்கை. அவற்றை 12 நிறுவனங்கள் நடத்துகின்றன. அவற்றில் ஒன்பது அமெரிக்காவைச் சேர்ந்தவை, மற்ற மூன்றும் ஸ்வீடன், நெதர்லாந்து, ஜப்பான் நாடுகளில் உள்ளவை. அந்த 13 முகவரிகளுக்கும் பதில் சொல்லும் நகல் சர்வர்கள் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இயங்குகின்றன. அவற்றுள் பல, மேலே நான் சொன்ன பரிமாற்ற மையங்களின் அறைகளில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர்